153 வெள்ளிக்கு எத்தனை பிள்ளைகள்?

போன மாதம் ஒரு சனிக்கிழமை. காலை வகுப்புகள் முடிந்து, கடைசிப் பிள்ளையையும் அவன் தாத்தா மோட்டாரில் ஏற்றிக்கொண்டு போன பிறகு, என்னிடம் ஒன்பது வருடமாக வயலின் படிக்கும் பையன் தன் அம்மாவோடு வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிடுகிற பையன் அவன். அன்று வாயே திறக்கவில்லை. அவன் அம்மாவை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா கையிலிருந்த வடைப் பையை மேசையில் வைத்துவிட்டு, கைப்பையிலிருந்து இரண்டு கடிதங்களை எடுத்து என் முன்னால் விரித்தார்.

ஒன்று, தஞ்சோங் மாலிமில் இருக்கும் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்திலிருந்து. இசைக் கல்விப் பட்டப்படிப்பு, நான்கு வருடம். இன்னொன்று, கோலாலம்பூரில் ஒரு தனியார் கல்லூரியிலிருந்து. நவீன இசை, ஒலிப்பதிவு எல்லாம் சேர்ந்த பட்டம், மூன்று வருடம். பையனின் கண் இரண்டாவது கடிதத்தின் மேலேயே இருந்தது.

"டீச்சர், இவன் பாட்டு படிச்சா சோறு திம்பானா?"

அக்கா கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். முந்தின இரவு வேலை முடித்துத் தூங்காமல் நேராக என் வீட்டுக்கு வந்திருந்தார். பையனின் அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். அவர் அன்று வரவில்லை. "டீச்சர் சொல்றதக் கேட்டுட்டு வாங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தார்.

வருடத்துக்கு ஒரு தடவையாவது இந்தக் கேள்வி என் வீட்டு முன்கூடத்துக்கு வந்துவிடுகிறது. பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிவு வந்ததும் ஒருவர், அதற்கு அடுத்த எஸ்.டி.பி.எம். தேர்வு முடிவு வந்ததும் இன்னொருவர். இசைப் பட்டம் வாங்கிவிட்டு இந்தச் சுங்கை சிப்புட் ஊரிலேயே உட்கார்ந்து வகுப்பு நடத்துகிறவள் என்பதால் என்னைத் தேடி வருகிறார்கள். அன்று அக்காவிடம் பேசியதை இங்கே எழுதி வைக்கிறேன். இதே இரண்டு கடிதங்களை வைத்துக்கொண்டு இன்னொரு வீட்டில் இன்னொரு அம்மா உட்கார்ந்திருப்பார்.

நான் லிந்தாங் போகும் வழியில் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். லயத்து வீடு. அப்பாவும் அம்மாவும் பால் வெட்டினார்கள். நான் ஆறாம் ஆண்டு படிக்கும்போதுதான் ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். தோட்டத்துக் கோயிலில் ஒரு தாத்தா வயலின் வாசிப்பார். பால் ஸ்டோரில் வேலை பார்த்தவர். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் அவர் விரலில் புளித்த பால் வாடை இருக்கும். வில்லுக்கு ரோசின் தேய்க்கும்போது இரண்டு வாடையும் கலந்து வரும். இன்றைக்கும் புது ரோசின் கட்டியைப் பிரித்தால் எனக்கு விடியற்காலையில் தோட்டத்தில் ஆள் எண்ணும் பெரட்டுதான் ஞாபகத்துக்கு வருகிறது. அவரிடம்தான் சரளி வரிசையிலிருந்து ஆரம்பித்தேன். காசு வாங்கமாட்டார். வெள்ளிக்கிழமை பூசைக்கு வந்து கூட வாசிக்க வேண்டும், அதுதான் கட்டணம்.

பல்கலைக்கழகத்துக்குப் போக அது போதவில்லை. அங்கே மேற்கத்திய முறைப்படி நோட்டேஷன் பார்த்து வாசித்துக் காட்ட வேண்டும். படிவம் நான்கு படிக்கும்போது ஈப்போவில் ஒரு சீன ஆசிரியையிடம் சேர்ந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் பஸ். தரையில் சம்மணம் போட்டு, வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றி வாசித்துப் பழகியவள் நான். அப்படி ஊன்றினால் வயலின் நகராது, இடது கை தண்டு முழுக்கத் தாராளமாக வழுக்கிக் கமகம் போடலாம். அவர் என்னை நிற்கச் சொன்னார். தாடையிலும் தோளிலும் இடுக்கிக்கொண்டு கையை விடச் சொன்னார். வயலின் சரிந்து விழப் பார்த்தது. ச-ப-ச-ப என்று நின்ற நான்கு தந்திகளையும் ஜி-டி-ஏ-இ என்று மாற்றிக் கட்டியபோது, வீட்டில் யாரோ சாமான்களை எல்லாம் இடம் மாற்றி வைத்த மாதிரி இருந்தது. இரண்டு வருடம் ஆனது அந்த வீட்டில் இருட்டில் நடக்க.

2007-ல் செர்டாங்கில் மலேசிய புத்ரா பல்கலைக்கழகத்தில் இசைப் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்தது. அரசாங்கத்தின் உயர்கல்விக் கடன் நிதியான பி.டி.பி.டி.என்.னில் கடன் 26,000 வெள்ளி (ரிங்கிட்). பாரங்களில் கையெழுத்துப் போடும் முன்னால் அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மாசத்துக்கு எவ்வளவும்மா கட்டணும்?"

எனக்குத் தெரியாது. யாரிடமும் கேட்கவும் இல்லை. "படிச்சு முடிச்சப்புறம் பாத்துக்கலாம்பா" என்றேன்.

அப்பா கேட்டதில் ஒரு காரணம் இருந்தது. எங்கள் குடும்பத்துக்குத் தவணை என்றால் என்னவென்று தெரியும். 1960-ல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது என் தாத்தா அதில் சேர்ந்தவர். வெள்ளைக்காரத் துரைமார்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்த காலம். தொழிலாளிகளே காசு சேர்த்துத் தோட்டம் வாங்கலாம் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? தாத்தா நம்பினார். மாதம் 10 வெள்ளியாகக் கட்டினார். அந்தக் கூலியில் 10 வெள்ளி போனால் வீட்டில் எதைக் குறைக்க வேண்டும் என்று பாட்டிக்குத் தெரியும், முன்கூட்டியே குறைத்தும் விடுவாராம். அப்பா அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவர். முழுத் தொகை அவருக்கு வெறும் எண். மாதத் தவணைதான் கடன்.

2011-ல் பட்டம் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தேன். தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) ஒரு தெரிந்தவர் வீட்டு முன்கூடத்தில் வகுப்பு ஆரம்பித்தேன். ஆறு பிள்ளைகள். தலைக்கு 40 வெள்ளி. மாதம் 240. அடுத்த வருடம் கடன் கட்டும் அட்டவணை வந்தது: மாதம் 166 வெள்ளி, 15 வருடம்.

கையில் ஆறு பிள்ளைகள். அதில் நான்கு பிள்ளைகளின் காசு அப்படியே கடனுக்குப் போனது. செவ்வாய்க்கிழமை இரண்டு பேர், புதன்கிழமை இரண்டு பேர். வியாழக்கிழமை வரும் இருவருக்குத்தான் நான் எனக்காகச் சொல்லிக்கொடுத்தேன். அப்போது மனத்தில் பதிந்த கணக்கு இன்னும் மாறவில்லை. யார் வந்து கடனைப் பற்றிக் கேட்டாலும் வெள்ளியில் நான் பேசுவதில்லை. எத்தனை பிள்ளை என்று கேட்கிறேன்.

மற்ற செலவுக்கு ஈப்போவில் ஒரு கடையில் கணக்கு எழுதப் போனேன். மாதம் 850 வெள்ளி. குறைந்தபட்சச் சம்பளம் 900 வெள்ளி என்று 2013-ல்தான் நடைமுறைக்கு வந்தது. காலையில் கடை, மாலையில் வகுப்பு, இரவில் எனக்குச் சாதகம் செய்யக் கை எழாது. சில மாதங்கள் கடன் கட்டவில்லை. வேண்டுமென்று விடவில்லை, அந்த மாதம் பஸ் காசும் தந்தியும் முந்திக்கொண்டன. கட்டாமல் விட்ட மாதங்கள் நிலுவையாகச் சேர்ந்தன. 2016-ல் நானும் என் கணவரும் வீட்டுக் கடனுக்கு வங்கியில் உட்கார்ந்தபோது, என் பெயருக்கு நேரே அந்த நிலுவை, வங்கிகள் பார்க்கும் சி.சி.ஆர்.ஐ.எஸ். கடன் அறிக்கையில் நின்றது. வங்கிக்காரர் பேப்பரை என் கணவர் பக்கம் திருப்பிக் காட்டினார். நான் அதுவரை அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அந்த அரை நிமிடம் எனக்கு மறக்காது. என் சங்கிலியை வைத்து நிலுவையைக் கட்டினோம். வீடு ஒரு வருடம் தள்ளிப்போனது.

2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. வகுப்பில் 20 பிள்ளைகள் இருந்தார்கள், அடுத்த வாரம் ஒருவரும் இல்லை. தோட்டத்துப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கைப்பேசியில் சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன். லைன் விட்டு விட்டு வரும், தாளம் எங்கேயோ போய்விடும். அந்த நேரத்தில் பி.டி.பி.டி.என். தவணையைத் தள்ளிவைத்தது, அதற்கு நான் இன்னும் நன்றி சொல்வேன். அப்புறம் 2022 பட்ஜெட்டில் மிச்சக் கடனை ஒரே தடவையில் கட்டுபவர்களுக்கு 15 சதவீதம் தள்ளுபடி என்று அறிவித்தார்கள். எனக்கு 10,000 வெள்ளி சொச்சம் பாக்கி இருந்தது. சீட்டு எடுத்து, கணவரின் போனஸைச் சேர்த்து முடித்தேன். 1,500 வெள்ளி போலக் குறைந்தது. அன்று மாலை வகுப்புக்கு வந்த பிள்ளைகளைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாரும் எனக்கு வந்த பிள்ளைகள்.

இவ்வளவு படித்துவிட்டு, பட்டம் வேண்டாம் என்று சொல்ல வருகிறேன் என்று நினைக்க வேண்டாம். செர்டாங்கில் முதல் வாரம், ஒத்திகை அறையில் முப்பது பேரோடு ஒரே சுரத்தில் வில் போட்டபோது தரை அதிர்ந்தது என் காலுக்குத் தெரிந்தது. கோயிலில் நானும் தாத்தாவும் இரண்டே பேர். ஒலி இவ்வளவு பெரியதாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. பேட்ரோனாஸ் கோபுரத்தின் அடியில் இருக்கும் பில்ஹார்மோனிக் அரங்கில் மலேசிய பில்ஹார்மோனிக் குழுவை மாணவர் சீட்டில் போய்க் கேட்டேன். என் பிள்ளைகள் கிரேடு தேர்வு எழுதுகிறார்கள் என்றால் அது அந்த நான்கு வருடம் கொடுத்தது. பட்டம் இல்லாமலும் நன்றாக வாசிக்கலாம், எங்கள் கோயில் தாத்தா வாசித்தார். ஆனால் தாத்தாவால் தம் மாணவியை அடுத்த படிக்கு ஏற்ற முடியவில்லை, பஸ் ஏற்றி ஈப்போவுக்குத்தான் அனுப்ப முடிந்தது. என் மாணவனைச் சுங்கை சிப்புட்டில் வைத்தே நான் பல்கலைக்கழக நேர்காணல் வரைக்கும் கொண்டுபோனேன். அதனால் பட்டத்துக்கு நான் கட்டிய காசைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. கேட்காமல் கட்டியதுதான் வருத்தம்.

சரி, அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

சுவரிலிருந்து தேதி முடிந்த நாள்காட்டித் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் கோடு போட்டேன். முதலில் என் வருமானத்தை எழுதினேன். மறைக்காமல் எழுதினேன், ஏனென்றால் பெற்றோர்கள் இதைத்தான் கேட்க வெட்கப்படுகிறார்கள்.

இப்போது மாதம் தலைக்கு 70 வெள்ளி. அதிகபட்சம் 24 பிள்ளைகள், அதாவது 1,680 வெள்ளி. தை, வைகாசி, ஆவணியில் கல்யாணமும் கோயில் கச்சேரியும் வரும். நல்ல மாதத்தில் இன்னொரு 700, 800 கிடைக்கும். ஆடியில் ஒன்றும் கிடையாது. நீண்ட பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் பாட்டி வீட்டுக்குப் போய்விடுவார்கள், 14 பேர் வந்தால் பெரிது, அந்த மாதம் 980. எஸ்.பி.எம். வருடத்தில் நல்ல பிள்ளைகளாகப் பார்த்து நிறுத்திவிடுவார்கள். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஓவர்டைம் போடுகிற மாதத்தில் அக்கா என்னைவிடக் கூடுதலாக எடுக்கிறார். அதைச் சொன்னதும் அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நெசமாவா டீச்சர்?"

"நெசந்தான்க்கா. எனக்கு ஓவர்டைம் கெடையாது. சேமநிதி நானே போட்டாத்தான் உண்டு."

(சொந்தமாகத் தொழில் செய்கிறவர்களுக்கு இ.பி.எஃப். என்கிற ஊழியர் சேமநிதியில் ஐ-சரான் என்று ஒரு திட்டம் இருக்கிறது, நாம் போடுவதோடு அரசாங்கமும் ஒரு பங்கு போடுகிறது. இசை ஆசிரியர்கள், மேளக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் இந்த மாதமே போய் எழுதிக்கொள்ளுங்கள். நான் ஏழு வருடம் தாமதமாகச் சேர்ந்தேன்.)

இந்த 24 என்ற எண்ணை வட்டம் போட்டேன். 14 வருடத்தில் அதைத் தாண்டியதே இல்லை. சொல்லிக்கொடுக்க நேரம் இருக்கிறது. வயலினுக்கு மாதம் 70 வெள்ளி எடுத்து வைக்கக்கூடிய வீடுகள் இந்த ஊரில் அவ்வளவுதான். கோலாலம்பூரில் கட்டணம் கூடுதல், பிள்ளைகளும் கூடுதல், ஆனால் வீட்டு வாடகை அதைத் தின்றுவிடும். ஆகவே இந்தப் பையன் ஊருக்குத் திரும்பி வந்தால் அவன் கையில் இருக்கப்போவது 24 பிள்ளைகளுக்கு உட்பட்ட ஒரு வாழ்க்கை. அதில் எத்தனை பேரைக் கடனுக்குக் கொடுக்கலாம் என்பதுதான் கணக்கு.

தஞ்சோங் மாலிம். கட்டணமும் விடுதியும் பெரிய தொகை இல்லை. சாப்பாடு, புத்தகம், தந்தி எல்லாம் சேர்த்து நான்கு வருடத்துக்கு 24,000 வெள்ளி கடன் என்று வைத்தோம். பி.டி.பி.டி.என்.னில் இப்போது உஜ்ரா (சேவைக் கட்டணம்) என்று 1 சதவீதம் எடுக்கிறார்கள். அது மிச்சமிருக்கும் கடனுக்கு இல்லை, முதலில் வாங்கிய தொகைக்கு வருடா வருடம் அதே அளவு. 24,000-க்கு வருடம் 240. 15 வருடத்துக்கு 3,600. மொத்தம் 27,600, அதை 180 மாதத்தால் வகுத்தால் 153 வெள்ளி. (நான் கடன் வாங்கிய காலத்தில் நிர்வாகச் செலவு 3 சதவீதமாக இருந்தது. 2008-ல் உஜ்ரா வந்த பிறகு மாற்றிக்கொண்டேன்.)

அக்கா தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். 153-ஐயும் 70-ஐயும் பார்த்தார். "ரெண்டு பிள்ள. கூடக் கொஞ்சம்" என்றார். நான் சொல்லவில்லை, அவரே சொன்னார்.

அப்புறம் கோலாலம்பூர். மூன்று வருடக் கட்டணம் 72,000 வெள்ளி. கடன் வருடத்துக்கு 13,600 என்று கணக்குப் போட்டால் மொத்தம் 40,800. குடும்ப வருமானத்தைப் பார்த்து அதையும் குறைத்துக் கொடுக்கலாம், முழுதாகக் கிடைக்கும் என்றே வைத்தோம். மாதத் தவணை 260 வெள்ளி. கிட்டத்தட்ட நான்கு பிள்ளைகள். "பரவால்லியே டீச்சர்" என்றான் பையன், அன்று முதல் முறையாக வாயைத் திறந்து. நான் பென்சிலை அவனிடமே கொடுத்தேன். கட்டணத்தில் கடன் போக மிச்சம் எவ்வளவு என்று கழிக்கச் சொன்னேன். 31,200. கோலாலம்பூரில் அறை, சாப்பாடு, எல்.ஆர்.டி. எல்லாம் மாதம் 1,000 வெள்ளி என்றால் 36 மாதத்துக்கு? 36,000. கூட்டு. 67,200.

"இது யாரு கட்றது?"

பையன் பேசவில்லை. அக்காதான் சொன்னார்: "அவங்கப்பா இ.பி.எஃப்.ல எடுத்துக்கலாம்னு சொல்றாரு. பிள்ளைங்க படிப்புக்குக் குடுக்குறாங்களாம்."

கொடுக்கிறார்கள், உண்மைதான். படிப்புக்கென்று எடுக்க வழி இருக்கிறது. ஆனால் பையனின் அப்பாவுக்கு வயது 54. முதுகில் பட்டை கட்டிக்கொண்டு லோரி ஏறுகிறவர். அந்தப் பணம் போனால் அதை மறுபடி சேர்க்க அவருக்கு வருடங்கள் இல்லை. நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "அதுல மட்டும் கை வைக்காதீங்கக்கா." இதை நான் யாருக்கும் சொல்வேன். பி.டி.பி.டி.என். கடன் பிள்ளையின் பெயரில் இருக்கிறது, அவன் இளையவன், காலம் இருக்கிறது, தள்ளுபடியும் தள்ளிவைப்பும் எப்போதாவது வரும். அப்பாவின் சேமநிதிக்கு எந்த பட்ஜெட்டிலும் தள்ளுபடி கிடையாது.

67,200-ஐயும் பிள்ளைக் கணக்கில் போட்டுப் பார்த்தோம். 20 பிள்ளைகள், மாதம் 1,400 வெள்ளி, 48 மாதம். நான்கு வருடம் முழுக்க, ஒரு சென் செலவழிக்காமல், 20 பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் அப்பாவிடம் வாங்கியது மட்டும் அடையும். கடன் தனி.

அந்தக் கல்லூரியில் சேர்க்கை வேலை பார்க்கும் ஒருவர், படிப்பு முடிந்த உடனே மாதம் 4,000, 5,000 எடுக்கலாம் என்று பையனிடம் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை நான் போன் செய்தேன். போன வருடம் முடித்தவர்களில் எத்தனை பேர் இசையில் சம்பாதிக்கிறார்கள், என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று கேட்டேன். கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். மறுநாள் வாட்ஸ்அப்பில் வண்ணப் படங்களோடு கையேடு வந்தது. ஸ்டூடியோ படம், சிரிக்கும் மாணவர்கள் படம். என் கேள்விக்குப் பதில் மட்டும் இன்றுவரை வரவில்லை. இந்தக் கேள்வியைக் கேளுங்கள், எந்தக் கல்லூரியாக இருந்தாலும் சரி. பதில் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

பையன் பக்கத்தையும் நான் சொல்லியாக வேண்டும். அவனுக்கு ஆசிரியர் வேலையில் மனசு இல்லை. அவன் உறுமி மேளக் குழுவில் வாசிக்கிறான், தைப்பூச சமயத்தில் ஒரு நிகழ்ச்சிக்கு 80 வெள்ளி பங்கு வரும். அந்த மேளத்தைக் கைப்பேசியில் பதிவு செய்து, மேலே வயலின் சேர்த்து, இரவில் ஏதோ செய்கிறான். எனக்கு ஒன்று போட்டுக் காட்டினான். உறுமியின் அந்தத் தேய்க்கும் ஒலிக்கு அடியில் நீலாம்பரி ராகத்தை மெதுவாக இழுத்திருந்தான். இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் போய், ஒரு இடத்தில் சேர்ந்தன. நான் சொல்லிக்கொடுத்தது இல்லை அது. அவனுக்கு ஸ்டூடியோ வேண்டும் என்று சொல்வது ஆடம்பரம் இல்லை. தஞ்சோங் மாலிமில் அவன் பாடத்திட்டமும் கற்பித்தல் முறையும் படிக்க வேண்டும். முடித்தால் கல்விச் சேவை ஆணையத்தின் நேர்காணலில் தேற வேண்டும், பட்டம் வாங்கிய உடனே பள்ளி கிடைக்கும் என்றும் இல்லை. கிடைத்தால் சபாவிலோ சரவாக்கிலோ கிடைக்கலாம். இதை எல்லாம் அவன் முன்னாலேயே சொன்னேன்.

ஆனாலும் என் தீர்ப்பு தஞ்சோங் மாலிம்தான். காரணத்தை அவனிடம் இப்படிச் சொன்னேன்: "தம்பி, ரெண்டு பிள்ளையக் கடனுக்குக் குடுத்துட்டு வந்தா, ராத்திரி உனக்கு இருக்கும். நீ அந்த நீலாம்பரிய முடிக்கலாம். ஊரு பூரா பிள்ளைங்களையும் கடனுக்குக் குடுத்துட்டு வந்தா, நீ கடைக்குக் கணக்கு எழுதப் போவே. நா போனேன்." ஸ்டூடியோவுக்கு ஒரு கணினியும் நல்ல மைக்கும் போதும் என்று அவனுக்கே தெரியும், எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே அவன்தான். தஞ்சோங் மாலிமில் இ.டி.எஸ். ரயில் நிற்கிறது, நம் ஊரிலும் நிற்கிறது. தைப்பூசத்துக்கு வந்து மேளம் அடித்துவிட்டுப் போகலாம்.

இன்னும் சில கேள்விகள் வந்தன. சென்னைக்கு அனுப்பினால் என்ன என்று அவன் மாமா கேட்டாராம். 1949-ல் தொடங்கிய அரசு இசைக் கல்லூரி அங்கே இருக்கிறது, சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1929-லிருந்து இசை சொல்லிக்கொடுக்கிறார்கள். கர்நாடக இசைக்கு அதைவிட வேறென்ன வேண்டும். ஆனால் பி.டி.பி.டி.என். உள்நாட்டுப் படிப்புக்குத்தான், வெளிநாட்டுக்குச் செல்லாது. முழுக்கக் கைக்காசு. அதோடு, வாங்கி வரும் பட்டம் இங்கே வேலைக்குச் செல்லுபடியாகுமா என்று மலேசியத் தகுதி முகமையில் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். முதல் வகுப்பில் தேறினால் கடனைக் கட்ட வேண்டாமாமே என்றான் பையன். அப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது, நிபந்தனைகளும் இருக்கின்றன. கிடைத்தால் சந்தோஷம், ஆனால் கணக்கில் அதை எழுத நான் விடவில்லை. இசைப் பட்டத்தில் நிறைய மதிப்பெண் ஒரு நாள் மேடையில் நிற்கும் கொஞ்ச நேரத்தில் இருக்கிறது. அன்றைக்குக் காய்ச்சல் வரலாம், தந்தி அறுந்துபோகலாம். என் தாத்தா சேர்ந்த அந்தக் கூட்டுறவுச் சங்கத்தில் யாராவது உறுப்பினர் இருந்தால் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி கேட்கலாம் என்று சொன்னேன். அக்காவின் மாமனார் சேர்ந்திருந்தார் என்று அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. அந்த ரசீதுகள் எங்கே இருக்கின்றன என்று பேசிக்கொண்டே போனார்கள். நாள்காட்டித் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

பத்து நாள் கழித்துப் பையன் தனியாக வந்தான். வாசலிலேயே பேச ஆரம்பித்துவிட்டான்.

"டீச்சர், ஏத்துக்கிட்டேன்னு ஆன்லைன்ல அமுக்கிட்டேன். தஞ்சோங் மாலிம்."

வருத்தமா என்று கேட்டேன். கொஞ்சம் என்றான். அதைச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அப்புறம், கோலாலம்பூர்க் கடிதத்தைக் கிழிக்கவில்லை, அலமாரியில் வைத்திருக்கிறேன் என்றான். வைத்துக்கொள், நான்கு வருடம் கழித்துக் குறுகிய காலப் படிப்பு ஏதாவது இருக்கிறதா என்று சம்பாதித்த காசில் போய்ப் பார் என்றேன்.

அவன் கிளம்பவில்லை. அலமாரியின் மேல்தட்டைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவன் தாமானில் அண்ணன் தங்கை இரண்டு பேர் படிக்க வருகிறார்களாம். தலைக்கு 40 வெள்ளி என்று பேசியிருக்கிறான். பல்கலைக்கழகம் திறக்கும் வரைக்கும் சொல்லிக்கொடுப்பான், அப்புறம் என்னிடம் அனுப்பிவிடுவானாம். அண்ணனுக்கு வயலின் இருக்கிறது. தங்கைக்கு எட்டு வயது, கை சின்னது.

"அரை அளவு வயலின் ஒண்ணு இருந்துச்சே டீச்சர். நா முதல்ல வாசிச்சது."

நாற்காலி போட்டு ஏறி எடுத்தேன். பெட்டியில் தூசி. பாலம் சாய்ந்திருந்தது, மேல் தந்தி அறுந்திருந்தது. அவன் துணியால் துடைத்தான். நான் பாலத்தை நேராக நிறுத்தி, புதுத் தந்தி ஒன்றைப் பிரித்துப் போட்டேன். "எந்தச் சுருதிக்கு வைக்கட்டும், டீச்சர்?" என்று கேட்டான். அது உன் பிள்ளை, நீயே வை என்றேன். முளையை மெதுவாகத் திருகிக்கொண்டே காதை வயலினிடம் கொண்டுபோனான்.